குடிநோய்க்காக ஒரு வழக்கறிஞரை நிறுத்திவைக்கும் நடைமுறை: கட்டுகளைப் பார்த்துக்கொண்டவனின் மதிப்புரை

வழக்கறிஞர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பு நடத்தும் உடல்நல இடைநிறுத்தம் என்ற சேவையைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி ஒன்றே. குடிநோயின் காரணமாக 8 மாதங்கள் தொழிலிலிருந்து நிறுத்திவைக்கப்பட்ட ஒரு மூத்த வழக்கறிஞரின் 63 வழக்குக் கட்டுகளை அந்த 8 மாதங்களும் என் அலுவலகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அவர் என் சீனியர். தொழிலில் என் முதல் 6 ஆண்டுகள் அவருடைய மேசைக்குப் பக்கத்து மேசையில் கழிந்தன. இதை எழுத அவருடைய ஒப்புதல் எனக்கு உண்டு. அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும், அந்த அமைப்பின் பெயரையும் சேர்த்து, விட்டுவிட்டேன்.

இதைச் சேவை என்று அழைப்பது சிலருக்கு உறுத்தலாம். தொடக்கத்தில் எனக்கும் உறுத்தியது. ஆனால் இதற்கு விண்ணப்பம் உண்டு, கையொப்பமிட வேண்டிய ஒப்பந்தம் உண்டு, பரிசோதனைக்கும் கண்காணிப்புக்கும் கட்டணம் உண்டு, அந்தக் கட்டணத்தைச் செலுத்துபவரும் நிறுத்திவைக்கப்பட்டவரே. காசு கொடுத்துப் பெறும் ஒன்று நன்றாக நடக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வழக்கறிஞரை நிறுத்துவதையும், குணப்படுத்துவதையும், திரும்ப அழைத்துவருவதையும் இந்த நடைமுறை எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்கிறது, அவரை நம்பியிருந்த கட்டுகளை என்ன செய்வது என்பதில் மட்டும் மன்னிக்க முடியாத அளவுக்கு அசட்டையாக இருக்கிறது.

குடித்துவிட்டுக் கட்சிக்காரரின் பணத்தைக் கையாடியவரை நிறுத்துவதும், கையாடாமல் குடியால் மட்டும் வேலை செய்ய முடியாமல் போனவரை நிறுத்துவதும் ஒன்றல்ல. முதலாவது தண்டனை, இரண்டாவது பாதுகாப்பு. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கைகளுக்கான மாதிரி விதிகளில் 23ஆம் விதி இந்த இரண்டாவது வகைக்கு எனத் தனி நிலை ஒன்றையே வகுத்திருக்கிறது. நோயாலோ போதைப் பழக்கத்தாலோ செயல்திறனை இழந்தவரை, குற்றச்சாட்டு எதுவுமின்றிச் செயல்படா நிலைக்கு மாற்றி, நலமடைந்தபின் விண்ணப்பித்துத் திரும்ப வழிசெய்கிறது. சொலிசிட்டர்கள் எனப்படும் வழக்கறிஞர்களுக்கான இங்கிலாந்தின் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையும், தனியாகத் தொழில் நடத்தும் ஒருவர் நோயாலோ காயத்தாலோ தொழிலைக் கவனிக்க இயலாமல் போனால் ஒழுங்குமுறை அமைப்பு உள்ளே நுழைந்து ஆவணங்களையும் பணத்தையும் பொறுப்பில் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது.

இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் நிலைமை வேறு. அதன் 35ஆவது பிரிவு நடத்தைக் கேட்டுக்கு உரியது: கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திவைக்கலாம், பெயரையே நீக்கலாம். நோயாளிக்கு என்று தனி வாசல் அந்தப் பிரிவில் கிடையாது. ஆயினும் இந்திய பார் கவுன்சில் விதிகளில், எந்தக் காரணத்துக்காகவும் ஒருவர் தாமாகவே தொழிலை நிறுத்திவைத்து, பதிவுச் சான்றிதழின் மூலத்தை மாநில பார் கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டு, பின்னர் பிரமாணப் பத்திரத்துடன் விண்ணப்பித்துத் திரும்பலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. குடிநோயில் விழுந்தவருக்கு இதைவிடக் கௌரவமான கதவு இல்லை. ஆனால் அதைத் திறக்க அவருக்குத் தம் நோய் தெரிந்திருக்க வேண்டும், குடிநோயோ தெரியவிடாமல் வைத்திருப்பதையே தன் முதல் வேலையாகக் கொண்டது.

என் சீனியருக்கும் தெரிந்திருக்கவில்லை. காலை 10 மணிக்கு அவர் வாதாடினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞரே குறிப்பெடுத்துக்கொள்வார். பிற்பகல் 3 மணிக்குமேல் அவர் தயாரித்த மனுக்களில் பக்க எண்கள் மாறியிருக்கும். கோரிக்கைப் பத்தி பாதியில் நின்றிருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மனிதர்களாக அவர் வேலை செய்துகொண்டிருந்ததை அலுவலகத்தில் இருந்த எல்லோரும் அறிந்திருந்தோம், யாரும் பேசவில்லை. அடுத்தடுத்து மூன்று வாய்தாக்களுக்கு அவர் வராமல்போக, நான்காவது முறை வந்து தவறான வழக்கின் கட்டை விரித்து வைத்துக்கொண்டு 10 நிமிடம் வாதாடிய பிறகுதான், வழக்கறிஞர்களுக்கான உதவித் திட்டத்தின் எண்ணை நான் அழைத்தேன்.

அந்த உதவித் திட்டம்தான் இந்த மொத்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த பகுதி. பேசியவர் தாமும் 14 ஆண்டுகளாகக் குடியை விட்டிருக்கும் ஒரு வழக்கறிஞர் என்று முதல் நிமிடத்திலேயே சொன்னார். சீனியரின் பெயரை அவர் கேட்கவில்லை. நான் சொல்லும் எதுவும் ஒழுங்குக் குழுவுக்குப் போகாது என்பதை அவர் இரண்டு முறை சொன்னதோடு நிற்காமல், அதற்கான விதியின் எண்ணையும் குறிப்பிட்டார். வழக்கறிஞரிடம் பேசத் தெரிந்தவர். அமெரிக்க மாதிரி நடத்தை விதிகளின் 8.3ஆம் விதியிலும் இதே பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறது: சக வழக்கறிஞரின் தவறைத் தெரிவிக்கும் கடமை, அங்கீகரிக்கப்பட்ட உதவித் திட்டத்தின் வழியே அறிந்த செய்திகளுக்குப் பொருந்தாது.

இந்த ரகசியம் சலுகையன்று, அடித்தளம். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 19 மாநிலங்களைச் சேர்ந்த, தொழிலில் இருக்கும் 12,825 வழக்கறிஞர்களில் 20.6 விழுக்காட்டினரின் குடிப்பழக்கம் கவலைக்குரிய எல்லையைத் தாண்டியிருந்தது. தொழிலுக்கு வந்து முதல் 10 ஆண்டுகளுக்குள் இருப்பவர்களிடமே அது கூடுதலாகக் காணப்பட்டது. முதுமையும் களைப்பும் சேர்ந்து குடிக்கவைக்கின்றன என்ற நம் வசதியான கற்பனைக்கு அது நேர் எதிர். உதவி நாடாமல் இருந்ததற்கு அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள் இரண்டு: பிறருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதும், ரகசியம் காக்கப்படுமா என்ற ஐயமும். ஆகவே உதவி எண்ணின் மறுமுனையில் இருப்பவர் பெயரைக் கேட்கிறாரா இல்லையா என்பதே அந்தச் சேவையின் தரத்துக்கு முதல் அளவுகோல்.

உதவித் திட்டத்தைச் சேர்ந்த இருவர் சீனியரின் வீட்டுக்கு வந்தார்கள். நானும் அவருடைய மனைவியும் உடனிருந்தோம். மிரட்டலோ உபதேசமோ இல்லை. தாமாக முன்வந்து உடல்நல இடைநிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டால், தவறிய வாய்தாக்களைப் பற்றிய புகார் அந்த நிறுத்தம் முடியும்வரை கிடப்பில் வைக்கப்படும் என்றும், ஒப்புக்கொள்ளாவிட்டால் புகார் அதன் வழியே போகும் என்றும் எடுத்துச் சொன்னார்கள். நோய் காரணமாகத் தொழிலைச் செவ்வனே செய்ய இயலாதபோது வழக்கிலிருந்து விலகுவது வழக்கறிஞரின் கடமை என்ற விதியை, சீனியர் எனக்குப் பாடமாகச் சொல்லித்தந்த அதே விதியை, வந்தவர் எடுத்துக் காட்டியபோது அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தம்பி, பேனா இருக்கா?” என்று கேட்டார்.

அடுத்தது மருத்துவ மதிப்பீடு. இதில் எனக்குப் பெரிய குறை இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய 10 கேள்விகள் கொண்ட வினாத்தாளில் தொடங்கினார்கள். அதில் மொத்த மதிப்பெண் 40, எட்டைத் தொட்டாலே மேற்கொண்டு ஆராய வேண்டும் என்பது பொதுவான வழக்கம். சீனியர் முதலில் 6 மதிப்பெண் பெறும்படி விடை எழுதினார். மருத்துவர் அதை வாங்கி வைத்துவிட்டு அவருடைய மனைவியிடம் அதே கேள்விகளைக் கேட்டார், 27 வந்தது. அதன்பின் 2013இல் வெளியான அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பில் உள்ள 11 அறிகுறிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார்கள். கடந்த 12 மாதங்களில் இரண்டோ மூன்றோ இருந்தால் லேசானது, நான்கோ ஐந்தோ இருந்தால் நடுத்தரமானது, ஆறோ அதற்கு மேலோ இருந்தால் கடுமையானது. சீனியர் ஒவ்வோர் அறிகுறிக்கும் குறுக்கு விசாரணை செய்தார். அரைமணி நேரம் பொறுமையாக விடை சொன்ன மருத்துவர், “நீங்கள் இந்த வழக்கில் வெல்லலாம், ஐயா, வென்றால் உங்களுக்குத்தான் நட்டம்” என்றார். ஒன்பது அறிகுறிகளில் முடிந்தது.

மருத்துவர் செய்த இன்னொன்று, நான் அறியாதது. இடைநிறுத்தம் தொடங்கும் நாளிலிருந்தே குடியை நிறுத்திவிடுகிறேன் என்று சீனியர் வீராப்பாகச் சொன்னபோது, அப்படிச் செய்யக் கூடாது என்று அவர் தடுத்தார். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்த உடல் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். கடைசியாகக் குடித்த இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் குழப்பமும் நடுக்கமும் மாயத்தோற்றங்களும் கூடிய சன்னி வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். ஆகவே மருத்துவமனையில் படுக்கவைத்து, மருந்தின் துணையோடுதான் நிறுத்தினார்கள். இடைநிறுத்த உத்தரவு நடைமுறைக்கு வரும் தேதியை மருத்துவமனையில் இடம் கிடைக்கும் தேதியோடு பொருத்தித் தந்தது இந்தச் சேவையின் நுட்பமான நற்குணங்களில் ஒன்று.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். உத்தரவு ஒரு வியாழக்கிழமை வந்தது. அந்த நொடியிலிருந்து சீனியர் நீதிமன்றத்தில் தோன்றக் கூடாது, வக்காலத்தில் கையொப்பமிடக் கூடாது, ஆலோசனை சொல்லக் கூடாது. எல்லாம் சரி. கட்சிக்காரர்களுக்கும் எதிர்த்தரப்புக்கும் நீதிமன்றங்களுக்கும் அவரே கடிதம் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவின் ஏழாவது பத்தி கூறியது. அவரோ அப்போது கையில் குத்திய ஊசியோடு, கிழமை என்னவென்று தெரியாமல் படுத்திருந்தார். தம் தொழிலைக் கவனிக்க இயலாதவர் என்று ஒருவரைப் பற்றி முடிவுசெய்த அதே தாளில், 63 பேருக்குக் கடிதம் எழுதும் வேலையை அவரிடமே ஒப்படைத்தவர் யாராக இருந்தாலும், உத்தரவை எழுதி முடித்தபின் ஒருமுறை வாசித்துப் பார்த்திருக்க மாட்டார்.

கட்டுகளைப் பொறுப்பேற்க என்னை நியமிக்கும் தனி உத்தரவு 11 நாட்கள் கழித்து வந்தது. அந்த 11 நாட்களும் கட்டுகளைத் தொட எனக்கு உரிமை இல்லை; அவருக்கும் இல்லை. உத்தரவு வழக்கறிஞரை நிறுத்தியது, ஆனால் காலவரையறையை நிறுத்தவில்லை. மேல்முறையீட்டுக்கான நாட்களும், எதிருரை தாக்கல் செய்வதற்கான நாட்களும், இடைக்காலத் தடை காலாவதியாகும் நாளும் அவர் மருத்துவமனையில் இருக்கிறார் என்பதைப் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தன. மேலே சொன்ன அமெரிக்க மாதிரி விதிகளின் 28ஆம் விதி இந்த இடத்துக்காகவே எழுதப்பட்டது: ஒரு வழக்கறிஞர் செயல்படா நிலைக்கு மாற்றப்பட்டாலோ, நிறுத்தப்பட்டாலோ, காணாமல்போனாலோ, இறந்தாலோ, அவருடைய கட்டுகளைப் பார்வையிட்டுக் கட்சிக்காரர்களின் நலனைக் காக்க இன்னொரு வழக்கறிஞரை நியமிக்கலாம் என்பது அது. என்னை நியமித்த விதியும் அதைப் போன்றதுதான். விதியில் குறையில்லை; இரண்டு உத்தரவுகளும் ஒரே நாளில், ஒரே தாளில் வராததுதான் குறை.

பொறுப்பேற்ற நாளில் அலுவலகத்தில் இருந்தவர் குமாஸ்தா மட்டும். அவருடைய சம்பளத்தைப் பற்றி எந்த உத்தரவிலும் ஒரு சொல் இல்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். அந்த 11 நாட்களும் யாரும் கேட்காமலேயே வந்து கதவைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார். “சார், எந்தக் கட்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், எந்தக் கட்டுல என்ன இல்லைன்னும் தெரியும்” என்றார். உண்மையாகவே தெரிந்திருந்தது. மூன்று நாட்கள் இருவரும் உட்கார்ந்து கட்டுகளை நான்காகப் பிரித்தோம்: இந்த வாரமே ஏதாவது செய்தாக வேண்டியவை, மாதத்துக்குள் செய்ய வேண்டியவை, தீர்ப்புக்குக் காத்திருப்பவை, கட்சிக்காரரே மறந்துபோனவை. கடைசி வகையில் 9 இருந்தன. ஒன்றில் 4 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்த வழக்கின் தீர்ப்பு நகல், கட்சிக்காரரிடம் கொடுக்கப்படாமலேயே, உறையோடு இருந்தது.

கட்டுகளை வாசிக்க வாசிக்க ஒன்று புலப்பட்டது. நாட்குறிப்பில் காலையில் எழுதியவை திருத்தமான கையெழுத்தில் இருந்தன. மாலையில் எழுதியவை சாய்ந்து, கோட்டை விட்டு இறங்கி, சில இடங்களில் தேதியே இல்லாமல் இருந்தன. மருத்துவ மதிப்பீட்டில் குழுவினர் இந்த நாட்குறிப்பைப் பார்த்திருந்தால் 11 அறிகுறிகளைத் தேடி அலைந்திருக்க வேண்டாம். அவர்கள் இரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்தார்கள், மனைவியைக் கேட்டார்கள். அவர் தொழில் நடத்திய இடத்துக்கு ஒருவர்கூட வரவில்லை. ஒரு வழக்கறிஞரின் செயல்திறனை மதிப்பிடப் புறப்பட்டவர்கள் அவருடைய ஒரே ஒரு கட்டையாவது பிரித்துப் பார்க்கலாகாதா?

பணக்கணக்கைப் பொறுத்தவரை சொல்ல அதிகமில்லை. கட்சிக்காரர்களின் பணத்துக்கான தனிக் கணக்கை அமைப்பின் தணிக்கையாளர் முதல் வாரத்திலேயே முடக்கி, சரிபார்த்து, பைசா குறையவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார். பணத்துக்கு இருக்கும் அவசரம் நாட்களுக்கு இல்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. கட்சிக்காரருக்குப் பெரும்பாலும் கெடு நாளே பணத்தைவிடப் பெரியது.

அறிவிப்பு வெளியான விதத்திலும் எனக்கு வருத்தம் உண்டு. நடவடிக்கை முழுவதும் ரகசியம், உத்தரவு மட்டும் பொது என்பது பல இடங்களில் உள்ள ஏற்பாடு; அமெரிக்க மாதிரி விதிகளும் அவ்வாறே சொல்கின்றன. கட்சிக்காரர்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் காரணம் சொல்லாமல் ‘இடைநிறுத்தப்பட்டார்’ என்ற ஒற்றைச் சொல்லோடு, போலி ஆவணம் தயாரித்தவருக்கும் பணத்தை விழுங்கியவருக்கும் நடுவில் சீனியரின் பெயரை அச்சிட்டபோது, ரகசியம் அவரைக் காக்கவில்லை. வாசிப்பவர் மனத்தில் இருப்பவற்றுள் மிகக் கேவலமான காரணத்தை நிரப்பிக்கொள்ள இடம் தந்தது. உடல்நலக் காரணம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தால் எந்த ரகசியமும் உடையாது. தனிப் பட்டியலாக வெளியிட்டால் இன்னும் நல்லது. அந்த வாரம் என்னைத் தொலைபேசியில் அழைத்த கட்சிக்காரர்களில் பாதிப்பேர் முதலில் கேட்டது, தங்கள் பணம் பத்திரமாக இருக்கிறதா என்பதைத்தான்.

கண்காணிப்பைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்ததெல்லாம் மோசமானவை. நேரில் கண்டது அவ்வளவு மோசமில்லை. தினமும் காலையில் ஓர் எண்ணை அழைக்க வேண்டும். அன்று பரிசோதனை உண்டா இல்லையா என்று பதிவுக்குரல் சொல்லும். உண்டென்றால் மாலைக்குள் ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும். சிறுநீரில், மது உடலில் சிதையும்போது உருவாகும் பொருளைத் தேடும் பரிசோதனை சில நாட்களுக்கு முன்பு குடித்ததையும் காட்டிவிடும். இரத்தத்தில், மது குடித்தால் உருவாகும் பாஸ்ஃபாடிடைல் எத்தனால் என்ற பொருளைத் தேடும் பரிசோதனை இரண்டு முதல் நான்கு வாரங்கள்வரை பின்னோக்கிப் பார்க்கும். முதலாவதில் ஒரு சிக்கல் உண்டு: கையில் தடவும் கிருமிநாசினியோ, மது கலந்த வாய்கழுவியோகூடச் சிறிய அளவில் அதைத் தூண்டக்கூடும். ஆகவே ஐயத்துக்குரிய முடிவு வந்தால் இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்த பிறகே பேசுவோம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். சான்றை எடைபோடத் தெரிந்தவர்கள் எழுதிய ஒப்பந்தம்.

நான்காவது மாதத்தில் அவர் ஒருமுறை குடித்தார். பரிசோதனைக்கு முன்பே தாமாகக் கண்காணிப்பாளரை அழைத்துச் சொல்லிவிட்டார். எனக்குச் சொன்னது இரண்டு நாள் கழித்துத்தான். நான் பயந்துபோனேன், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். நடந்தது வேறு. அவரைக் கூப்பிட்டுப் பேசி, மருந்தின் அளவை மாற்றி, வாரத்துக்கு இரண்டு குழுக் கூட்டங்களை நான்காக்கி, 6 மாத இடைநிறுத்தத்தை 8 மாதமாக நீட்டினார்கள். புகார்க் கோப்பைத் தூசு தட்டி எடுக்கவில்லை. மீண்டும் விழுவது இந்த நோயின் இயல்புகளில் ஒன்று என்பதை ஒப்பந்தம் முன்கூட்டியே கணக்கில் எடுத்திருந்தது. மறைத்தால் ஒரு விளைவு, சொன்னால் வேறு விளைவு என்று பிரித்து எழுதியிருந்தது. அந்த ஒரு பத்திக்காகவே இந்தக் கண்காணிப்புச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இப்படிப்பட்ட நீண்ட கண்காணிப்பு உண்மையில் பயன் தருகிறதா என்பதற்கு மருத்துவர்களிடையே கிடைத்த சான்று வலுவானது. அமெரிக்காவின் 16 மாநிலத் திட்டங்களில் சேர்ந்த 904 மருத்துவர்களை 5 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. விவரம் தெரிந்த 802 பேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் திட்டத்தில் தோற்றார்கள், அதுவும் பெரும்பாலும் தொடக்கத்திலேயே; ஐந்தாண்டு முடிவில் 78.7 விழுக்காட்டினர் உரிமத்தோடு பணியில் இருந்தார்கள். தொழிலை இழக்க நேரிடும் என்ற அச்சமும், திரும்ப முடியும் என்ற உறுதியும் ஒருசேர இருந்தது அதற்கு ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன். இரண்டில் ஒன்றை மட்டும் தரும் இடைநிறுத்தம், அது எத்தனை மாதமாக இருந்தாலும், பாதி மருந்து.

திரும்புவதற்கான விசாரணை ஒரு முற்பகலில் முடிந்தது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1986இல் வெளியிட்டு 1992இல் திருத்திய தண்டனை அளவுகோல்களில், மதுப்பழக்கத்தைத் தண்டனையைத் தணிக்கும் காரணமாக ஏற்க நான்கு நிபந்தனைகள் உண்டு: மருத்துவச் சான்று வேண்டும், அந்தப் பழக்கமே தவறுக்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும், பொருட்படுத்தத்தக்க காலம் நலத்தோடு இருந்து காட்டியிருக்க வேண்டும், அந்த நலத்தால் தவறு நின்று மீண்டும் நிகழ வாய்ப்பில்லாமல் போயிருக்க வேண்டும். சீனியரை விசாரித்த குழு கேட்ட கேள்விகளும் ஏறத்தாழ இவையே. கிடப்பில் இருந்த புகாரையும் அன்றே ஒரு கண்டனத்தோடு முடித்துவைத்தார்கள். நிபந்தனைகளோடு திரும்ப அனுமதி கிடைத்தது: இரண்டு ஆண்டுகள் பரிசோதனை, மாதமொருமுறை மேற்பார்வை வழக்கறிஞரிடம் கட்டுகளின் பட்டியல், தனியாக அல்லாமல் இன்னொருவரோடு சேர்ந்தே தொழில். இந்தக் கடைசி நிபந்தனையைச் சீனியர் அவமானமாக நினைப்பார் என்று அஞ்சினேன். அவர்தான் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார் என்று பின்னர் தெரிந்தது.

திரும்பிய பிறகு ஒரு சிறு தொல்லை தொடர்கிறது. பரிசோதனை நாளை அறிவிக்கும் பதிவுக்குரல் காலை 9 மணிக்குத்தான் வருகிறது, ஆய்வகம் மாலை 4 மணிக்கு மூடிவிடுகிறது. வாதத்தின் நடுவில் நிற்கும் ஒரு வழக்கறிஞர் 4 மணிக்குள் ஆய்வகம் போவது எப்படி என்பதை யாரும் யோசிக்கவில்லை. வேலை இல்லாதவரை மனத்தில் வைத்து வகுத்த நேரம், வேலைக்குத் திரும்பியவருக்கும் அப்படியே நீடிக்கிறது. ஆய்வகத்தை 7 மணிவரை திறந்துவைத்தால் தீர்ந்துபோகும் குறை இது. எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை.

இந்த வழியை நாட நினைப்பவர்களுக்கு, அல்லது ஒருவருக்காக அந்த எண்ணை அழைக்க நினைப்பவர்களுக்கு, நான் சொல்லக்கூடியது இது. உதவித் திட்டத்தை நம்பலாம். மருத்துவ மதிப்பீட்டுக்குப் போகும்போது வீட்டார் ஒருவரையும் அலுவலகத்தார் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கேட்காவிட்டாலும் அலுவலகத்தாரைப் பேசவிடுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன், கட்டுகளைப் பொறுப்பேற்பவரின் பெயரும், அவருக்கு அதிகாரம் தொடங்கும் நேரமும், குமாஸ்தாவின் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து போகும் என்பதும் அதே உத்தரவில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். எழுத முடியாது என்றால், மருத்துவமனைக்குப் போகும் முன் ஒரு நாள் எடுத்துக்கொண்டு, அடுத்த 30 நாட்களுக்குள் வரும் தேதிகளை மட்டுமாவது ஒரு தாளில் எழுதி ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

சீனியர் திரும்பிய நாளில் 63 கட்டுகளின் பட்டியலை இருவரும் சரிபார்த்தோம். முடிந்தவையும் வேறு வழக்கறிஞரிடம் போனவையும் நீங்க, 40 கட்டுகளை அவர் கையொப்பமிட்டு வாங்கிக்கொண்டார். ஒன்றை மட்டும் நான் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அது ஒரு நிலத் தகராறின் மேல்முறையீடு; அதன் கெடு, யாருக்கும் அதிகாரம் இல்லாதிருந்த அந்த 11 நாட்களில் ஏழாவது நாளில் முடிந்துவிட்டது. பொறுப்பேற்ற மூன்றாவது நாள் மாலையில் அதைக் கண்டுபிடித்து, மறுநாளே தாக்கல் செய்தேன். 8 நாள் தாமதம். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கோரும் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. மருத்துவமனைச் சான்றைச் சீனியரே எடுத்துக்கொடுத்து, தம் நோயின் பெயரை மறைக்காமல் பிரமாணப் பத்திரமும் தந்திருக்கிறார். அடுத்த வாய்தாவுக்கு அவர் வாதாட வரப்போவதில்லை. பின்வரிசையில், கட்சிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.